ஓர் ஆம்பியர் ஃபியூஸ்

கிருத்திகை நாளில் திருத்தணியில் பஸ் பிடிப்பது கண் தெரிந்தவர்களுக்கே பெரும்பாடு. பார்கவி காலை ஏழு மணிக்கே பஸ் நிலையத்துக்கு வந்து ஒரு தூணோரம் நின்றுகொண்டாள். ஒரு கையில் வெள்ளைக் கம்பு. மறு கையால், தோளில் தொங்கிய துணிப்பையை வயிற்றோடு சேர்த்து அணைத்திருந்தாள். காவடி எடுத்து வந்த கூட்டம் இடித்துக்கொண்டு போனது. யாராவது இடிக்கும்போதெல்லாம் பையைத் திருப்பிவிட்டு முதுகைக் கொடுத்தாள்.

அவள் அப்பா நாராயணசுவாமி மலைமேல் கோயில் மடப்பள்ளியில் சமையல்காரர். கிருத்திகையன்று அவரால் அடுப்பை விட்டு நகர முடியாது. "நாளைக்குப் போகலாமேடி, நானும் வரேன்" என்று கெஞ்சிப் பார்த்தார். பைக்குள் இருந்த பெட்டிக்கு நாளை என்று ஒன்று இருக்குமா என்று பார்கவிக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை கோர்ட்டு.

பைக்குள் இருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டர். ஆனால் கையில் எடுத்துப் பார்த்த யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். நோட்டுப் புத்தகம் அளவுதான். திரை கிடையாது. மேலே ஏழே ஏழு விசைகள். ஆறு விசை பிரெய்லின் ஆறு புள்ளிகளுக்கு, ஏழாவது இடைவெளிக்கு. எழுதியதை உள்ளிருந்து ஓர் ஆண்குரல் இங்கிலீஷில் திருப்பிச் சொல்லும். முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ வெளிநாட்டுப் புண்ணியவான் பார்வையற்றோர் பள்ளிக்குக் கொடுத்தது. புதிய சாமான்கள் வந்தபோது, பிளஸ் டூவில் முதலாவதாக வந்த பார்கவிக்கு அதைப் பரிசாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

சென்னையில் வாழ்க்கைப்பட்டபோது அதையும் கொண்டுபோனாள். கணவன் ஸ்கந்தகுமார் அதைத் தொட்டதில்லை. மாமியார் அவளுடைய போனை எடுத்து யாரோடு பேசினாள், என்ன பேசினாள் என்று கேட்டுப் பார்ப்பாள். அந்தப் பெட்டியை மட்டும் ஏதோ கெட்டுப்போன ரேடியோ என்று விட்டுவிட்டாள். மகள் வள்ளி பிறந்த நாளிலிருந்து, குழந்தை தூங்கியதும் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பார்கவி அதில் எழுதி வந்தாள். என்ன சாப்பிட்டாள், எப்போது ஜுரம் வந்தது, எந்த மருந்து எத்தனை மில்லி, எந்தத் தடுப்பூசி எந்தத் தேதியில். ஐந்தரை வருஷம்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு சாயங்காலம், குளிப்பாட்ட வைத்திருந்த வெந்நீர்க் குண்டானில் வள்ளி கையை விட்டுவிட்டாள். வலது கை, மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோயிற்று. கை ஆறியதும், "பத்து நாள் உங்க அப்பாகிட்ட இருந்துட்டு வா" என்று பார்கவியை மட்டும் திருத்தணிக்கு ரயிலேற்றினான் ஸ்கந்தகுமார். பத்து நாள் ஏழு மாதம் ஆயிற்று. கண் தெரியாதவளிடம் குழந்தை பத்திரமாக இருக்காது, சுடுதண்ணீரைக் குழந்தையின் காலடியில் கொண்டுபோய் வைத்ததே அவள்தான் என்று மனு போட்டார்கள். பார்கவியும் பதில் மனு போட்டாள். குண்டானை நகர்த்தி வைத்தது மாமியார்தான் என்று அதில் தெளிவாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

ஆனால் அந்தச் சாயங்காலத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் அது வேறு மாதிரி இருந்தது. ஒரு தடவை மாமியாரின் வளையல் சத்தம் குளியலறைக்குள்ளேயே கேட்டது. இன்னொரு தடவை அது கூடத்திலிருந்து வந்தது. சில நாள் வளையல் சத்தமே கேட்கவில்லை. நீதான், நீதான் என்று அவர்கள் சொல்லிச் சொல்லி, தன் ஞாபகத்தில் எது தன்னுடையது, எது அவர்கள் சொன்னது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. அன்றைக்கே எழுதி வைத்திருந்தாள். என்ன எழுதினாள் என்பது மட்டும் நினைவில்லை. பெட்டியோ சென்னையில் இருந்தது.

வக்கீல் தேவயானி நோட்டீஸ் மேல் நோட்டீஸ் விட்ட பிறகு, போன புதன்கிழமை அவளுடைய சாமான்கள் ஒரு கோணிப்பையில் வந்து இறங்கின. அடியில் பெட்டி இருந்தது. சார்ஜர் இல்லை.

அதற்குள் இருந்த பேட்டரி எப்போதோ செத்திருக்கும். அப்பா வீட்டில் தேடி, பழைய டிவி பெட்டியின் அடாப்டர் ஒன்று அதே துளையில் பொருந்துகிறது என்று சந்தோஷமாகச் செருகினார். ஒரு சத்தமும் இல்லை. பெட்டியின் அடிப்பக்கம் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக இருந்து, பிறகு ஆறிப்போயிற்று. அப்பா, "சுவிட்சு எங்கேடி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சிங்காரத்திடம் கொண்டுபோனாள். அவன் திறந்து பார்த்துவிட்டு, "ஃபியூஸ் போயிருக்குதுக்கா. ஒரு கம்பி போட்டா ஓடிடும்" என்றான். கம்பியைப் பற்றவைத்து வேறொரு சார்ஜரைக் கொடுத்த இரண்டாவது நொடியில் தீய்ந்த நாற்றம் வந்தது. பார்கவி மேஜையைத் தடவி ஒயரைப் பிடித்து இழுத்துப் பிடுங்கிவிட்டாள். சிங்காரத்துக்கு முகம் சுண்டியிருக்க வேண்டும், குரல் இறங்கிவிட்டது. "இது நம்மால ஆகாதுக்கா. ஆர்.கே.பேட்டையில பச்சையப்பன்னு ஒருத்தர் இருக்காரு. தறிக்கு டிசைன் அனுப்புற பழைய கம்ப்யூட்டர் போர்டெல்லாம் அவருதான் பாக்குறாரு. நான் போன் பண்ணி வெக்கறேன்."

அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை அவள் ஆர்.கே.பேட்டைக்குப் போய் இறங்கினாள்.

பச்சையப்பனின் கடை விசைத்தறிக் கொட்டகைகளுக்கு நடுவில் இருந்தது. இருபுறமும் தறி அடிக்கிற அடியில் கடையின் தரையே அதிர்ந்தது.

"வாம்மா. ரெண்டு படி இருக்குது. ஆங், அவ்ளோதான். சிங்காரம் சொன்னான்" என்றார் ஒருவர். நாற்பத்தைந்து வயது இருக்கலாம் என்று குரலை வைத்து நினைத்தாள். நாற்காலியை இழுத்து அவள் முழங்காலில் படும்படி வைத்தார்.

பெட்டியை வாங்கித் திறந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பேசாமல் இருந்தால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது பிறகு உறைத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தார்.

"யாரோ பிளஸ்ஸையும் மைனஸையும் மாத்திக் குடுத்துருக்கறாங்க."

"நான்தான் சார்" என்றாள் பார்கவி, அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல்.

"பரவால்ல. முன்னாடி ஒரு டையோடு காவலுக்கு நிக்கிது. அது அடி வாங்கி ஷார்ட் ஆயிருக்குது. அதனாலதான் ஃபியூஸ் போச்சு. உள்ள இருக்கற சிப்பெல்லாம் தப்பிச்சிருக்கும்னு நெனைக்கறேன். சிங்காரம் கம்பி போட்டதுதான் தப்பு. இன்னும் அஞ்சு நிமிஷம் உட்டிருந்தா போர்டே வெந்திருக்கும்." மீட்டரின் முனைகள் எதையோ தொட்டன. "அது கெடக்கட்டும். வேற ஒண்ணு இருக்குதும்மா. நீ எழுதினதெல்லாம் இதுக்குள்ள எப்படி நிக்கிது தெரியுமா? கரண்ட்டு இல்லாத நேரத்துல ஒரு சின்ன செல்லுதான் தாங்கிக்கினு இருக்குது. மூணு வோல்ட்டு இருக்கணும். ரெண்டே கால்தான் காட்டுது."

"எவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது?"

"ரெண்டு. அதுக்குக் கீழ போனா எல்லாம் அழிஞ்சிடும்."

"எத்தனை நாள் தாங்கும்?"

"ரெண்டு நாளும் தாங்கலாம், ரெண்டு மணி நேரமும் தாங்கலாம். ஏழு மாசமா ஒத்தை ஆளா நின்னுகினு இருந்திருக்குது. போற எடத்துக்கு வந்துடுச்சு."

பார்கவி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "வேற செல் மாத்த முடியாதா?"

"இத கழட்டின நிமிஷமே போச்சு. மொதல்ல கரண்ட்டு வரணும், அப்பறம்தான் இத மாத்தணும். அதுவரைக்கும் புது செல்லு ஒண்ண மேலருந்து ஒட்டிப் புடிக்கலாம். ஈயம் வெக்கலாம்னா கால் ரெண்டும் பச்சை பூத்துக் கெடக்குது, ஒட்டாது. சொரண்டினா ஒடஞ்சிடும். கிளிப்பு மாட்ட எடமில்ல. கையாலதான் புடிக்கணும். நான் புடிச்சிகினு இருந்தா வேலைய யார் பாக்கறது? கூட வேலை செய்யறவன் இன்னைக்கு மலைக்குப் போயிட்டான்."

"நான் பிடிச்சுக்கறேன்."

பச்சையப்பன் அவள் விரல்களை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"ஆடக்கூடாதும்மா. நழுவி வேற எதுமேலனா பட்டா, புடிக்காம இருந்ததே மேலுன்னு ஆயிடும்."

"ஆடாது."

புது செல்லில் இரண்டு ஒயர்களை இணைத்து, இரண்டின் நுனியிலும் ஊசி வைத்துக் கட்டினார். அவள் விரல்களைப் பிடித்து ஒவ்வோர் ஊசியையும் அதன் இடத்தில் கொண்டுபோய் வைத்தார். இடம் என்றால் கடுகளவு. முழங்கைகளுக்கு அடியில் மடித்த துண்டை வைத்தார். "இப்ப ரெண்டே முக்கால் காட்டுது. மூச்சு உடு, பரவால்ல. கைய மட்டும் உடாத."

டையோடைக் கழற்றி வேறு போட்டார். பிசின் புகை மூக்கில் ஏறியது. தும்மல் வந்தது, பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள். பிறகு ஃபியூஸுக்கு வந்தார்.

"அரிசி மாதிரி இருக்குது. மேல எத்தினி ஆம்பியர்னு எழுதி இருந்திருக்கும். சிங்காரம் காய்ச்சினதுல கருகிப் போச்சு. இந்த மிஷினுக்குப் புஸ்தகம் எதனா இருந்துதா?"

இருந்தது. பள்ளியில் பிரெய்லில் தடித்தடியாக இரண்டு புத்தகம். பதினேழு வயதில் அதை ஒரு வரி விடாமல் தடவிப் படித்திருக்கிறாள். கடைசிப் பக்கங்களில் ஃபியூஸ் பற்றி ஏதோ இருந்தது. "ஒண்ணுன்னு ஞாபகம். ஸ்லோன்னு ஒரு வார்த்தையும் இருந்தது. இல்லை, ஒன்றரையோ... சார், என் ஞாபகத்தை நம்பாதேங்கோ."

"நம்பல. காதுல போட்டுக்கறேன்."

டப்பாக்கள் திறக்கும் சத்தம் கேட்டது. பச்சையப்பன் ஃபியூஸ்களைப் பிரித்துப் பிரித்து வைத்திருந்தார். அரை ஆம்பியரில் ஒன்றை எடுத்தார். "மொதல்ல சின்னது. எதனா தப்பு இருந்தா ஃபியூஸோட போவட்டும், பெரிய நஷ்டமில்ல." பற்றவைத்தார். கரண்ட் கொடுத்தார்.

டிக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"போச்சு" என்றார்.

இத்தனைக்கும் பிறகு உள்ளே வேறு ஏதோ வெந்துதான் போயிருக்கிறது. திங்கட்கிழமை அவள் வெறும் வாயோடு நிற்கப் போகிறாள். ஐந்தரை வருஷம் குழந்தையை வளர்த்ததற்கு அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வலது கையின் கட்டைவிரல் மரத்துவிட்டது. அது இன்னும் ஊசியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

"கை" என்றார் பச்சையப்பன்.

"பிடிச்சுண்டுதான் இருக்கேன்."

"ஷார்ட் இல்ல. மீட்டர்ல பாத்துட்டேன், சுத்தமா இருக்குது. அப்பறம் ஏன் எரியுது?" அவர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். எரிந்த ஃபியூஸைக் கழற்றி டப்பாவில் போட்டார். "சுவிட்சு போட்ட ஒடனே உள்ள இருக்கற கெபாசிட்டர் எல்லாம் ஒரே மூச்சுல கரண்ட்டைக் குடிக்கும். அப்பறம் சாதுவா ஆயிடும். வேகமா எரியற ஃபியூஸு அந்த ஒரு மூச்சத் தாங்கல, அதான். இதுக்கு மெதுவா எரியறதுதான் போட்டிருப்பான். நீ சொன்னியே ஸ்லோன்னு, அது சரி."

"அப்போ அதையே போடுங்கோ."

"சொல்றேன் கேளு. ரெண்டு ஆம்பியர், இதே அரிசி சைசுல என்கிட்ட இருக்குது. கச்சிதமா உக்காந்துடும். மூடியும் மூடிடும். ஸ்டார்ட் ஆவறப்ப எரியவே எரியாது. ஆனா உள்ள எதனா கோளாறு வந்தா எரிய வேண்டிய நேரத்துலயும் எரியாது. அந்த நெனப்பு வெச்சிக்கிற சிப்புதான் எரியும். ஒரு ஆம்பியர் மெதுவா எரியறதுன்னா கண்ணாடிக் குழாய்லதான் இருக்குது. அது இந்த எடத்துல உக்காராது. வெளிய ஒயர் இழுத்துதான் கட்டணும். பொட்டி தொறந்தேதான் கெடக்கும்." அவள் கை விடாமல் இருக்க, இரண்டு ஃபியூஸையும் புறங்கையில் ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். ஒன்று அரிசி. மற்றது தீக்குச்சியில் பாதி நீளம், வழவழவென்று குளிர்ச்சியாக இருந்தது. "இது கடையில இல்ல. நகைக்கடைக்காரர் தராசு ஒண்ணு ரிப்பேருக்கு வந்துருக்குது, அதுலருந்து உருவினேன். ஒண்ணே ஒண்ணுதான்."

"அவர் கேட்டா?"

"கேட்டா திருத்தணியிலருந்து வாங்கிப் போட்டுக்கறேன். நீ சொல்லு."

"மூடி வேண்டாம்ண்ணா" என்றாள் பார்கவி. சார் என்பது எப்போது அண்ணா ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

கண்ணாடி ஃபியூஸின் இரு முனையிலும் ஒயர் வைத்துப் பற்றவைக்க நேரம் பிடித்தது. அவள் தோளிலிருந்து விரல் நுனிவரை நெருப்பாக எரிந்தது. வள்ளியின் பெயரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள், வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. பச்சையப்பன், "போடறேன்" என்றார். சுவிட்ச் சத்தம் கேட்டது. டிக் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். வரவில்லை.

"ரெடி" என்றது பெட்டி. மூக்கடைத்த அந்த ஆண்குரல். ஏழு மாதத்துக்குப் பிறகு.

"இன்னும் உடாத" என்றார் பச்சையப்பன் அவசரமாக. செத்த செல்லின் கால்களை வெட்டி, சுரண்டி, புதியதை நிலையாக வைத்துப் பற்றவைத்தார். பிறகு அவரே அவள் விரல்களை ஒவ்வொன்றாக ஊசியிலிருந்து பிரித்தெடுத்தார். விரல்கள் மடங்க மறுத்தன. அவள் கைகளை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அவர் "டீ வாங்கியாறேன்" என்று வெளியே போனார்.

பார்கவி இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் பிரெய்ல் எழுத்துக்களை இங்கிலீஷ் குறிகள் என்று நினைத்துப் படிக்கும். 'ள' வரும் இடத்தில் அண்டர்ஸ்கோர் என்னும், 'ன' வரும் இடத்தில் செமிகோலன் என்னும். பக்கத்தில் யார் கேட்டாலும் பைத்தியக்காரப் பேச்சு. அவளுக்கு மட்டும் அது தமிழ். முதல் இரண்டு வருஷம் சிதைந்து போயிருந்தது, ஒரே இரைச்சல். மூன்றாவது வருஷத்திலிருந்து நன்றாக இருந்தது. ஜுரம் நூற்றிரண்டு. பாராசிட்டமால் ஐந்து மில்லி, ராத்திரி பத்து மணி. காலையில் இட்லி ஒன்றரை. விரல் தானாகவே அந்தச் சாயங்காலத்தின் தேதியைத் தேடிப் போயிற்று.

ஒவ்வோர் எழுத்தாக வந்தது.

'குண்டானை நான்தான் நகர்த்தினேன். தரை ஈரமாக இருந்தது. துடைப்பதற்காக வாசல் பக்கம் தள்ளி வைத்தேன். வள்ளி அங்கே நிற்பது தெரியாது. மாமி கூடத்தில் போன் பேசிக்கொண்டிருந்தாள். கத்தலைக் கேட்டுத்தான் ஓடி வந்தாள்.'

திருப்பிக் கேட்டாள். அதையேதான் சொன்னது.

அதற்கடியில் மணிக் கணக்கு இருந்தது. ஆறு நாற்பதுக்குக் குழாய்த் தண்ணீரில் கையைப் பிடித்தது, இருபது நிமிஷம். ஏழேகாலுக்கு டாக்டர். ஒன்பது நாற்பது, பதினொன்றேகால், ஒன்றரை என்று ராத்திரி முழுக்க விழித்து மருந்து தடவியது. கடைசியில் ஒரு வரி: 'வள்ளி தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை.'

இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் ஒரு வரியை அழித்துவிடலாம். நான்கு வரிதான் அழிக்க வேண்டும். மேலே மூன்றரை வருஷம், கீழே ராத்திரி முழுக்க மருந்து. நடுவில் நான்கு வரி இல்லாமல் போனால் எந்த நீதிபதிக்குத் தெரியும்? எந்த மாமியாருக்குத்தான் தெரியும்? அவள் அழுத்தினாள். "டிலீட் லைன்? எஸ் ஆர் நோ?" என்றது பெட்டி.

இந்த வரியைத் தேடித்தான் ஏழு மாதம் தவித்தாள். நான்தானா, அவளா என்று தெரியாமல் எத்தனை நாள் விடிந்தது. இப்போது தெரிந்துவிட்டது. இதை அழித்துவிட்டால், இன்னும் ஏழு மாதம் கழித்து மறுபடி தெரியாமல் போகும். மறுபடி வளையல் சத்தம் கேட்கத் தொடங்கும். அப்போது போய்க் கேட்க ஒரு இடமும் இருக்காது.

பெட்டி பதிலுக்குக் காத்திருந்தது. அவள் 'நோ' என்று கொடுத்தாள். செய்தது சரியென்று அவளுக்குத் தோன்றவில்லை. குழந்தையைத் தன் கையாலேயே கொடுத்துவிட்டதாகத்தான் தோன்றியது.

பச்சையப்பன் டம்ளரைக் கையில் கொடுத்தார். "இருக்குதாம்மா, தேடினது?"

"இருக்குண்ணா."

அவர் ஃபியூஸ் நசுங்காமலிருக்க ஒரு சோப்பு டப்பாவை வெட்டி அதன்மேல் கவிழ்த்து ஒட்டினார். சரியான சார்ஜர் ஒன்றைத் தேடிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டுப் போனார்.

வக்கீல் தேவயானியிடம் அன்று சாயங்காலமே போனில் சொன்னாள். "மாமியார்தான் வெச்சாங்கன்னு நாம எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம் பார்கவி. இப்ப நாமளே இல்லைன்னு சொல்லணுமா?"

"ஆமா மேடம்."

"அந்த ஒரு நாளை விட்டுட்டு மத்ததைக் கொடுக்கலாமே."

"நடுவுல ஒரு நாள் ஏன் இல்லைன்னு அவா கேட்பா. கேட்கலைன்னாலும் எனக்குத் தெரியும்."

தேவயானி அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்வையற்றோர் பள்ளியிலிருந்து பிரெய்ல் டீச்சர் ஒருவர் வந்து, நாள் முழுக்க இயர்போனில் கேட்டுக் கேட்டு எழுதிக் கொடுத்தார். அந்த நான்கு வரி வந்தபோது அவருடைய பேனா நின்றது. பிறகு அதையும் எழுதியது.

திங்கட்கிழமை எதிர்த்தரப்பு வக்கீல் அந்த நான்கு வரியைத்தான் முதலில் வாசித்தார், இரண்டு தடவை. பதில் மனுவில் பொய் சொல்லியிருக்கிறாள் என்றார். பார்கவி கூண்டில் நின்றிருந்தாள். நீதிபதி, "ஏம்மா அப்படி எழுதிக் கொடுத்தீங்க?" என்று கேட்டார். "அப்போ அப்படித்தான் ஞாபகம் இருந்தது. இப்போ தெரிஞ்சுடுத்து, அதனால சொல்றேன்" என்றாள். நீதிபதி காகிதங்களைப் புரட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. குழந்தையை உடனே கொடுக்கச் சொல்லவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தாயிடம் இருக்கட்டும், தாத்தாவும் வீட்டில் இருக்க வேண்டும், மற்றதை இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்.

"அந்த நாலு வரி இல்லாம இருந்தா முழுசாவே வாங்கியிருப்போமோ என்னமோ" என்றாள் தேவயானி வராந்தாவில். "இந்த ரெண்டு நாளும் கிடைக்காமப் போயிருக்கவும் கூடும். எனக்கே தெரியலை."

வளையல் சத்தம் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. பார்கவி அந்தப் பக்கம் திரும்பினாள்.

"மாமி, குண்டானை நீங்க நகர்த்தலை. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் மாமியார். அவ்வளவுதான். வளையல் சத்தம் படியிறங்கிப் போயிற்று.

சனிக்கிழமை காலை அப்பாவும் பார்கவியும் திருத்தணி ரயில் நிலையத்தில் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்தார்கள். மின்சார ரயில் வந்தது, கூட்டம் இறங்கியது. ஸ்கந்தகுமார் எதிரில் வந்து நின்று, "நாளைக்கு அஞ்சு மணி வண்டிக்கு வந்து அழைச்சிண்டு போறேன்" என்று அப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

குழந்தை கிட்டே வரவில்லை. பார்கவி கையை நீட்டிக்கொண்டே நின்றாள். வள்ளி எங்கே நிற்கிறாள், தன்னைப் பார்க்கிறாளா, வேறெங்கோ பார்க்கிறாளா என்று எதுவும் தெரியவில்லை. ஏழு மாதம். ஆறு வயசுக்கு ஏழு மாதம் எவ்வளவு பெரிசு. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

சின்னச் செருப்புச் சத்தம் இரண்டடி முன்னால் வந்தது. நீட்டியிருந்த கையை ஒரு பிஞ்சுக் கை பிடித்தது. வலது கை. மணிக்கட்டுக்குக் கீழே தோல் சொரசொரப்பாக இருந்தது. அந்தக் கை அவள் ஆள்காட்டி விரலை மட்டும் பிரித்தெடுத்து, மேலே இழுத்துக்கொண்டுபோய், ஈரமான வாய்க்குள் ஓர் இடைவெளியில் வைத்தது.

"பல்லு விழுந்துடுத்தும்மா" என்றாள் வள்ளி. "செவ்வாய்க்கிழமை."

"வலிச்சுதா?"

"ரத்தம் வந்துது. நான் அழலை."

பார்கவி பிளாட்பாரத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்து, விரலை எடுக்காமல், அந்த ஓட்டையை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். ஈறு வழவழவென்று மிருதுவாக இருந்தது. அடியில் புதுப் பல்லின் முனை இன்னும் வரவில்லை.